டிக்கிக்குப் போகும் பேட்டரி: ஒயரிங் கடை நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன் நண்பர்களுக்கு,

பானெட்டுக்குள் இருக்கும் பேட்டரியைக் கழற்றி டிக்கியில் வைத்துத் தரச் சொல்லி உங்கள் கடை வாசலில் வந்து நிற்கிறவர்களை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பழைய காரில் பெரிய இன்ஜின் இறக்குகிறவர், டர்போ போட்டுவிட்டு இன்டர்கூலர் பைப்புக்கு இடம் தேடுகிறவர், பின்னால் பெரிய ஆம்ப்ளிஃபயர் வைக்கிறவர், பானெட்டைத் திறந்தால் ஒரு ஒயர்கூடக் கண்ணில் படக்கூடாது என்கிறவர் எனப் பலரும் வருகிறார்கள். பேட்டரியோடு ஃபியூஸ் பாக்ஸ், ரிலே, இ.சி.யூ. (இன்ஜின் கம்ப்யூட்டர்) எல்லாவற்றையும் இடம் மாற்றச் சொல்கிறவர்களும் உண்டு. தொழிற்பயிற்சி நிலையத்தில் வண்டி ஒயரிங் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. என்னிடம் டெஸ்ட் லாம்ப் பிடிக்கப் பழகியவர்களில் சிலர் இன்று சொந்தக் கடை நடத்துகிறார்கள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் மெயின் ஃபியூஸ் போடாமல் எந்தக் காரையும் உங்கள் கடையிலிருந்து வெளியே விடாதீர்கள். பாக்கியெல்லாம் இதைச் சுற்றி வருவதுதான்.

"கம்பெனியே செல்ஃப் மோட்டாருக்குப் போகிற ஒயரில் ஃபியூஸ் போடுவதில்லையே சார், நாம் எதுக்குப் போடணும்?" என்ற கேள்வி பயிற்சிக்கு வரும் பையன்களிடமிருந்து தவறாமல் வரும். நியாயமான கேள்விதான். பேட்டரி முன்னால் இருக்கும் சாதாரணக் காரில் அந்தக் கேபிள் முக்கால் மீட்டரோ ஒரு மீட்டரோ இருக்கும். அது மனிதர் உட்காரும் இடத்துக்குள் வருவதில்லை. எங்கே உரசும், எங்கே சூடாகும் என்று பார்த்து, அதற்கென்று செய்த பிளாஸ்டிக் உறைக்குள் அடக்கி, கிளிப் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். அவ்வளவு குறுகிய தூரத்தில், அவ்வளவு காவலோடு இருப்பதால்தான் ஃபியூஸ் இல்லாமல் விடும் துணிச்சல் அவர்களுக்கு வருகிறது. பேட்டரியை டிக்கிக்குக் கொண்டுபோன நொடியே அந்த ஒயர் ஐந்து மீட்டர் ஆகிவிடுகிறது. பின் சீட்டுக்கு அடியில், கார்பெட்டுக்கு அடியில், கதவுப் படியோரமாக, ஃபயர்வாலைத் துளைத்து முன்னால் போகிறது. வழிநெடுக இரும்பு, அந்த இரும்பு முழுவதும் எர்த். எந்தக் கம்பெனி இன்ஜினியரும் வரைந்து பார்க்காத, எந்தச் சோதனைச்சாலையிலும் ஆட்டிப் பார்க்காத ஒயர் அது. அதை வடிவமைத்தவர் நீங்கள்தான்.

அந்த ஒயரில் ஷார்ட் ஆனால் என்ன நடக்கும் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். நல்ல நிலையில் இருக்கும் ஒரு சிறிய கார் பேட்டரி நேரடியாக ஷார்ட் ஆனால் 1,000 ஆம்பியருக்கும் மேல் தள்ளும். தெருவோரப் பட்டறையில் தகடு ஒட்டுகிறவர் வெல்டிங் செட்டில் வைப்பது 100, 120 ஆம்பியர்தான். 25 ஸ்கொயர் (சதுர மி.மீ.) செம்புக் கேபிளில் 1,000 ஆம்பியர் ஓடினால் செம்பின் சூடு வினாடிக்கு ஏறத்தாழ 8 டிகிரி ஏறும். வெயிலில் நின்ற காரின் கார்பெட்டுக்கு அடியில் ஏற்கெனவே 45 டிகிரி என்று வையுங்கள். எட்டுப் பத்து வினாடியில் இன்சுலேஷன் தன் தாங்கும் அளவைக் கடந்துவிடும். இருபது வினாடியில் உருகி, புகைந்து, பக்கத்தில் இருக்கும் நுரையையும் துணியையும் பிடித்துக்கொள்ளும். வண்டியை ஓரம் கட்டி, சீட் பெல்ட்டைக் கழற்றி, பின்னால் இருக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்க எத்தனை வினாடி ஆகும்? சரியான மெயின் ஃபியூஸ் இருந்தால் இதே ஷார்ட் ஓரிரு வினாடிக்குள் அறுந்து, கார் அமைதியாக நின்றுபோகும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஃபியூஸைப் போடுகிறவர்களிலும் சிலர் அதை முன்னால், பழைய ஃபியூஸ் பாக்ஸுக்குப் பக்கத்தில் போடுகிறார்கள். கைக்கு எட்டும், பார்க்கவும் நன்றாக இருக்கும் என்பது காரணம். மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் மாடிப்படியில் வெடித்தால் சமையலறைக் குழாயை மூடி என்ன பயன்? தொட்டியின் அடியில் இருக்கும் வால்வைத்தான் மூட வேண்டும். கரண்ட் எங்கிருந்து புறப்படுகிறதோ அங்கேதான் ஃபியூஸ். முன்னால் போட்ட ஃபியூஸ் தனக்குப் பின்னால் வரும் ஐந்து மீட்டரில் நடப்பதைப் பார்க்கவே பார்க்காது.

எந்த அளவு போடுவது? ஃபியூஸ் காப்பாற்ற வேண்டியது ஒயரை, செல்ஃப் மோட்டாரை இல்லை. ஆகவே ஒயரைப் பார்த்து அளவு எடுங்கள். 35 ஸ்கொயர் செம்புக்கு 200 ஆம்பியர் அளவிலும் 50 ஸ்கொயருக்கு 250 அளவிலும் போல்ட் போட்டு இறுக்கும் மெகா ஃபியூஸ் சரியாக இருக்கும். சிறிய பெட்ரோல் இன்ஜின் செல்ஃப் அடிக்கும்போது 150 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். தொடக்கத்தில் ஒரு கணம் அதற்கு மேலும் போகும். இந்த வகை ஃபியூஸ் மெதுவாக அறுபடும் இயல்புடையது, அந்தச் சில வினாடிகளைத் தாங்கிக்கொள்ளும். மூடி இல்லாத ஃபியூஸ் ஹோல்டரை டிக்கியில் வைக்காதீர்கள். ஜாக்கி ராடு ஒன்று சரிந்து விழுந்தால் போதும்.

டீசல் காரில் செல்ஃப் இழுக்கும் கரண்ட் இதைப் போல இரண்டு மடங்கு போகும், ஃபியூஸ் அளவு இடிக்கும் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. அமெரிக்காவில் ஃபோர்டு கார்களில் நெடுங்காலம் ஸ்டார்ட்டர் சொலினாய்டை மோட்டார் மேல் வைக்காமல் மட்கார்டின் உட்பக்கத்தில் தனியாக வைத்தார்கள். அங்கே பேட்டரியை டிக்கிக்கு மாற்றுகிறவர்கள் அதே வகை சொலினாய்டைப் பேட்டரி பக்கத்திலேயே பொருத்திவிடுகிறார்கள். சாவியைத் திருப்பும் சில வினாடிகள் மட்டும் தடித்த கேபிளில் கரண்ட் இருக்கும், மற்ற நேரமெல்லாம் அது செத்த ஒயர். சார்ஜிங்குக்கும் மற்ற லோடுக்கும் 80 அல்லது 100 ஆம்பியர் ஃபியூஸோடு தனி ஒயர் ஒன்று போகும். வேலை கொஞ்சம் கூடும். ஆனால் என்னைக் கேட்டால், நான் பார்த்த முறைகளிலேயே மிகவும் நிம்மதி தருவது இதுதான்.

"பெரிய பெரிய கம்பெனியெல்லாம் டிக்கியில்தான் வைக்கிறான்" என்று கஸ்டமர் சொல்வார். உண்மைதான். 1959-ல் வந்த பிரிட்டிஷ் மினியில் அலெக் இசிகோனிஸ் இன்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்ததில் முன்னால் இடம் போதாமல் பேட்டரி டிக்கித் தரைக்குப் போனது. அதன் கேபிள் வண்டிக்கு அடியில் முன்னால் ஓடியது. அது உரசித் தேய்ந்து பாடியில் ஷார்ட் ஆவது பழைய மினி வைத்திருப்பவர்கள் இன்றும் அஞ்சிப் பார்க்கும் இடம். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில். மேலே மூடி இல்லாமல், கனமான ஆள் உட்கார்ந்து சீட் ஸ்பிரிங் அமுங்கிப் பேட்டரி முனையைத் தொட்டு, சீட் பஞ்சு பற்றிக்கொண்ட கதைகள் அந்தக் கார் ஓடிய நாடுகளிலெல்லாம் உண்டு. இவற்றிலிருந்து கம்பெனிகளே பாடம் கற்றன. 1989-ல் வந்த மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரில் டிக்கிப் பேட்டரி சீல் செய்யப்பட்ட வகை, வாயு வெளியேற ட்யூபும் உண்டு. 1990-களின் பிற்பாதியிலிருந்து பல பி.எம்.டபிள்யூ. கார்களில் பேட்டரி முனையிலேயே சிறிய வெடிமருந்து ஒன்று வைக்கப்பட்டது. மோதல் நடந்ததும் ஏர்பேக் கம்ப்யூட்டர் ஆணையிட, அது வெடித்து ஸ்டார்ட்டர் கேபிளைத் துண்டித்துவிடும். நீளமான பாசிட்டிவ் கேபிளுக்கு எவ்வளவு பயப்பட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அப்படியும் 2013-ல் அமெரிக்காவில் மட்டும் சுமார் 5 லட்சம் பி.எம்.டபிள்யூ. கார்களைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. காரணம், டிக்கியிலிருந்து வரும் பாசிட்டிவ் கேபிள் ஃபியூஸ் பாக்ஸில் சேரும் கனெக்டர் நாளடைவில் கெட்டு, வண்டி ஓடும்போதே கரண்ட் போய்விடக்கூடும் என்பது. கம்பெனி டிக்கியில் வைக்கிறது என்றால் இத்தனை ஏற்பாட்டோடும் இத்தனை அனுபவத்தோடும் வைக்கிறது.

அடுத்தது கேபிள். இங்கேதான் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கேட்டாலும் சரி, ஆன்லைனில் வாங்கினாலும் சரி, ஆம்ப்ளிஃபயர் கிட்டில் வரும் பளபளப்பான தடித்த ஒயரில் பெரும்பகுதி செம்பு பூசிய அலுமினியம். அதே தடிமனுள்ள செம்போடு ஒப்பிட்டால் அது கடத்துவது மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஐந்து மீட்டர் தூரம், 200 ஆம்பியர் என்று கணக்குப் போட்டால், 50 ஸ்கொயர் செம்பில் இழப்பு 0.34 வோல்ட், 35-ல் 0.49, 25-ல் 0.69, 16-ல் ஒரு வோல்ட்டுக்கு மேல். செம்பு பூசிய அலுமினியத்தில் 25 ஸ்கொயர் போட்டால் 16 ஸ்கொயர் செம்பு போட்ட கதைதான். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியே பத்து வோல்ட்டுக்கு இறங்கி நிற்கும். அதில் ஒரு வோல்ட்டை வழியிலேயே தின்றுவிட்டால் மோட்டார் இழுத்து இழுத்துச் சுற்றும். கஸ்டமர் பேட்டரியைக் குறை சொல்வார். கேபிளை அறுத்து நுனியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அலுமினியம் கிரிம்பிங்கிலும் மெல்ல நெகிழ்ந்து லூஸ் ஆகும், ஈரம் பட்டால் அரிக்கும். அதைவிட, மெல்லிய இழைகளால் ஆன செம்பு வெல்டிங் கேபிள் எவ்வளவோ மேல். ரப்பர் உறைக்கு எண்ணெய் ஆகாது என்பதால் இன்ஜின் பக்கம் ஸ்லீவ் போட்டுக்கொள்ளுங்கள்.

கேபிள் நுனியில் லக் அடிக்கும்போது சுத்தியலால் தட்டி நசுக்குவதைப் பார்க்க எனக்கு மனசு வலிக்கிறது. ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவி ஒன்று வாங்கிவிடுங்கள், ஒரே தெருவில் நாலு கடை இருந்தால் சேர்ந்தாவது வாங்குங்கள். ஈயம் உருக்கி ஊற்றி நிரப்புவதும் வேண்டாம். ஈயம் இழைகளுக்குள் ஏறி விறைத்துப்போன இடத்தில்தான் அதிர்வில் ஒயர் முறியும்.

எர்த் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி புகார்கள் இதிலிருந்துதான் வருகின்றன. பாசிட்டிவுக்கு எவ்வளவு தடிமனோ நெகட்டிவுக்கும் அவ்வளவு வேண்டும். டிக்கியில் கையில் கிடைத்த ஸ்க்ரூவில் எர்த்தை மாட்டினால், அந்தத் தகடு இரண்டு மூன்று ஸ்பாட் வெல்டிங்கில்தான் வண்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். நடுவில் சீலன்ட் இருக்கலாம், பத்து வருஷத் துருவும் இருக்கலாம். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் எடுக்கும் பழக்கத்தையும் விடுங்கள், அந்த போல்ட்டின் வேலை வேறு. சேஸிஸ் மெம்பரில் பெயின்ட்டைச் சுரண்டி, நட்டு போல்ட் போட்டு, இறுக்கிய பிறகு கிரீஸோ பெயின்ட்டோ பூசுங்கள். அதோடு முன்னால் இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையில் இருக்கும் எர்த் பட்டையைப் பாருங்கள். பேட்டரி முன்னால் இருந்தபோது நெகட்டிவ் கேபிள் பெரும்பாலும் நேராக இன்ஜினுக்கோ கியர் பாக்ஸுக்கோ போயிருக்கும், பாடிக்கு ஒரு மெல்லிய கிளை மட்டும் இருக்கும். இப்போது 200 ஆம்பியரும் பாடி வழியாக வந்து அந்த மெல்லிய பட்டையில் இறங்க வேண்டும். அது முடியாதபோது கரண்ட் வேறு வழி தேடும். ஆக்ஸிலரேட்டர் கேபிளிலும் கியர் கேபிளிலும் பாய்ந்து அவற்றைச் சூடாக்கி உறையை உருக்கிவிடும். ஆக்ஸிலரேட்டர் இறுகிப் பிடித்துக்கொண்ட வண்டியை ஓட்டுகிறவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். பேட்டரிக்குப் போட்ட அதே கேபிளில் ஒரு அடி வெட்டி இன்ஜினையும் சேஸிஸையும் சேர்த்துவிட்டால் இந்த ஆபத்து தீர்ந்தது.

வேலை முடிந்ததும் மல்டிமீட்டரை எடுத்து, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையில் எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் வேலை இன்னும் முடியவில்லை.

கேபிளை வண்டிக்கு உள்ளே கொண்டுபோவதே நல்லது. அடியில் விட்டால் சைலன்சர் சூடு, மழைத் தண்ணீர், வேகத்தடை மூன்றும் சேரும், பெட்ரோல் பைப்பும் பிரேக் பைப்பும் அங்கேதான் போகின்றன. உள்ளேயும் சீட் ரயில் நகரும் பாதையைத் தவிருங்கள். முன் சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் அல்லது பெல்ட் டென்ஷனருக்குப் போவது, அதைத் தொடாமல் தள்ளிப் போங்கள். தகட்டைத் துளைக்கும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் குரோமெட் கட்டாயம். கேபிள் முழுவதுக்கும் தடித்த கொருகேட்டட் ஸ்லீவ் போடுங்கள். நம் ஊரில் நிறுத்தியிருக்கும் காரில் எலி புகாத தெரு எங்கே இருக்கிறது? முன்பு எலி கடித்தால் ஹெட்லைட் எரியாது. இப்போது அது கடிப்பது மெயின் கேபிளை.

பேட்டரியைக் கட்டுவதற்கு வருவோம். பன்னிரண்டு கிலோ எடை, உள்ளே கந்தக அமிலம். அதைப் பிளாஸ்டிக் டேக்கோ எம்-சீலோ தாங்காது. உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிகளில் இடம் மாற்றிய பேட்டரிக்கு இரும்பு இருக்கை, இன்சுலேஷன் சுற்றிய இரண்டு இரும்புப் பட்டை, குறைந்தது 10 மி.மீ. போல்ட், ஒவ்வொரு போல்ட்டுக்கும் தகட்டின் அடியில் 3 மி.மீ. தடிமனும் 20 சதுர செ.மீ. பரப்பும் உள்ள தாங்கு தகடு என்று எழுதிவைத்திருக்கிறார்கள். வண்டி உருண்டாலும் பேட்டரி இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக எழுதிய அளவுகள் இவை. இருங்காட்டுக்கோட்டை, செட்டிப்பாளையம் பந்தயத் தடங்களுக்குக் கார் தயார் செய்கிறவர்களுக்கு இது பழகிய சங்கதி. சாலையில் ஓடும் காருக்கும் இதே அளவை வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

வாயுவை மறக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது, அதிலும் ரெகுலேட்டர் பழுதாகி 15 வோல்ட்டைத் தாண்டும்போது, பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். பானெட்டுக்குள் காற்று அடித்துக்கொண்டு போய்விடும், டிக்கியில் போக வழியில்லை. மெயின்டனன்ஸ் ஃப்ரீ என்று எழுதியிருப்பதால் வாயு வராது என்பதில்லை, அதற்கும் சுவாசத் துளை உண்டு. ஆகவே வாயு ட்யூப் மாட்ட வசதியுள்ள பேட்டரி, மூடிய பெட்டி, பெட்டியிலிருந்து வண்டிக்கு வெளியே போகும் ட்யூப் என்ற மூன்றும் வேண்டும். ஹேட்ச்பேக் காரில் டிக்கியும் மனிதர் உட்காரும் இடமும் ஒரே காற்றுதான் என்பதால் அங்கே இதில் சலுகையே கிடையாது.

டிக்கியில் சி.என்.ஜி. அல்லது எல்.பி.ஜி. சிலிண்டர் இருக்கும் காருக்கு இந்த வேலையைச் செய்யவே செய்யாதீர்கள். எவ்வளவு கொடுத்தாலும், எவ்வளவு வேண்டியவர் கேட்டாலும். சிலிண்டரின் வால்வும் இணைப்புகளும் இருக்கும் அதே அறையில் ஃபியூஸும் ரிலேயும் சொலினாய்டும் பொறி விடக்கூடாது.

கட்-ஆஃப் ஸ்விட்ச் போடச் சொல்கிறவர்கள் நல்லவர்கள். ஆனால் அதை எப்படிப் போடுகிறோம் என்பது முக்கியம். பேட்டரிக்கும் வண்டிக்கும் நடுவில் சாதாரண ஸ்விட்ச் ஒன்றைப் போட்டு, இன்ஜின் ஓடும்போது அணைத்துப் பாருங்கள். ஆல்டர்னேட்டர் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும், பல வண்டிகளில் இன்ஜின் நிற்காது. தாங்க பேட்டரி இல்லாத அந்தக் கணத்தில் ஆல்டர்னேட்டர் வோல்டேஜ் எகிறி, தடுப்பு இல்லாத வண்டியில் நூறு வோல்ட்டை நெருங்கும், இ.சி.யூ. போய்விடும். அதனால்தான் பந்தயக் கார்களில் பேட்டரியையும் இக்னிஷனையும் ஒரே திருப்பில் துண்டித்து, ஆல்டர்னேட்டரின் மிச்சக் கரண்டை ஒரு ரெசிஸ்டரில் இறக்கிவிடும் பல முனை ஸ்விட்ச் போடுகிறார்கள். அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ., பேட்டரியை இடம் மாற்றிய காரில் இந்த ஸ்விட்ச் வண்டியின் பின்முனையில், வெளியே நிற்கும் ஆள் அணைக்கும்படி இருக்க வேண்டும் என்கிறது. எஃப்.ஐ.ஏ. விதியில், வெள்ளை விளிம்பிட்ட நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் குறி அந்த இடத்தைக் காட்ட வேண்டும். தீயணைப்பு வீரர் முன் பின் பார்த்திராத காரில் தேட வேண்டியிருக்கும் என்ற நினைப்பு அந்த விதியில் இருக்கிறது. பேட்டரி முன்னால் இருக்கும் என்றுதான் எல்லோரும் பானெட்டைத் திறப்பார்கள். குறைந்தபட்சம் பானெட்டுக்குள்ளும் டிக்கி ஓரத்திலும் "பேட்டரி டிக்கியில் உள்ளது" என்று ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

ஃபியூஸ் பாக்ஸையும் ரிலேக்களையும் டேஷ்போர்டுக்கு அடியில் கொண்டுவரும் வேலையில் நீங்கள் என்னைவிடக் கைதேர்ந்தவர்கள், அதை நீட்டவில்லை. இ.சி.யூ. பற்றி மட்டும் சொல்கிறேன். அதை முன் பயணி காலடியில் வைப்பது நம்மிடம் வழக்கமாகி வருகிறது. ஏ.சி. தண்ணீர் வெளியேறும் ட்யூப் அடைத்துக்கொண்டால் தண்ணீர் சொட்டுவது நேராக அங்கேதான். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்திலும் 2023-ல் மிக்ஜாம் புயலிலும் கார்களுக்குள் தண்ணீர் ஏறி என்ன ஆனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மாதக்கணக்கில் அந்த ஒயரிங்கைப் பிரித்து உலர்த்தியவர்கள் நீங்கள். டேஷ்போர்டுக்கு மேல்பக்கமாக, கனெக்டர் கீழ்நோக்கி இருக்கும்படி, ஒயர் ஒருமுறை தாழ்ந்து வளைந்து மேலேறும்படி வையுங்கள். ஒயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். கிராங்க் சென்சார் ஒயரை நீட்டினால் அதன் ஷீல்டையும் நீட்ட வேண்டும். முறுக்கிய ஜோடி ஒயர்களை முறுக்குக் குலையாமல் ஒட்டுங்கள். ஏர்பேக் கம்ப்யூட்டரை அங்குலம்கூட நகர்த்தாதீர்கள். அதன் மேல் இருக்கும் அம்புக்குறி வண்டியின் முன்பக்கம் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. அது உட்கார்ந்திருக்கும் இடத்தின் அதிர்வை வைத்துத்தான் மோதலை அளக்கிறது. புதிய கார்களில் நெகட்டிவ் முனையில் உட்கார்ந்திருக்கும் பேட்டரி சென்சாரும் பேட்டரியோடு போக வேண்டும், எல்லா எர்த்தும் அதற்கு அப்பால் சேர வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு கஸ்டமருக்கு என்ன லாபம்? வேலை எடுக்கும் முன்பே அவரிடம் இதை நேர்மையாகச் சொல்லுங்கள். 900 கிலோ காரில் 12 கிலோ பேட்டரியை முன் அச்சிலிருந்து பின் அச்சுக்கு மாற்றினால் எடைப் பங்கு மாறுவது 1.3 சதவீதம். 50 ஸ்கொயர் கேபிள் ஐந்து மீட்டருக்குச் செம்பு மட்டுமே இரண்டேகால் கிலோ, பெட்டியும் பட்டையும் வேறு. அதாவது வண்டியின் மொத்த எடை கூடத்தான் செய்கிறது. பந்தயத்தில் ஒரு வளைவுக்கு அந்த எடைப் பங்கு மாற்றம் பயன்படும், சென்னை ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் பயன்படாது. இன்ஜின் சூட்டிலிருந்து விலகினால் பேட்டரி ஆயுள் கூடும் என்பது மெய். பத்து டிகிரி சூடு குறைந்தால் ஈய அமிலப் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பழைய கணக்கு. ஆனால் அதற்காக மட்டும் என்றால், பேட்டரிக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் ஒரு வெப்பத் தடுப்புத் தகடு வைத்துக் கொடுங்கள், செலவு பத்தில் ஒரு பங்கு. முன்னால் உண்மையிலேயே இடம் இல்லாதவருக்குத்தான் டிக்கி. மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பினால் அவர்கள் உங்களை நம்பி ஊரெல்லாம் சொல்வார்கள்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரத்திலிருந்து பதிவுச் சான்று விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் அதை உறுதி செய்தது. இன்ஜின் மாற்றம் போன்றவற்றுக்கு ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள். வாரன்ட்டியும் இன்ஷூரன்ஸும் என்ன ஆகும் என்பதைக் கஸ்டமர் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு வரட்டும்.

இதற்கெல்லாம் கூலி கூடும் என்பது எனக்குத் தெரியும். நல்ல கேபிள், ஃபியூஸ், பெட்டி, ட்யூப், ஒரு நாள் வேலை. பக்கத்துக் கடைக்காரர் பாதி விலைக்கு ஃபியூஸ் இல்லாமல் முடித்துக் கொடுப்பார் என்பதும் தெரியும். அதனால்தான் இதை ஒருவருக்குத் தனியாக எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். ஒரு தெருவில் இருக்கும் எல்லாக் கடைகளும் மெயின் ஃபியூஸ் இல்லாமல் இந்த வேலை கிடையாது என்று சொல்லிவிட்டால் விலைப் பேரம் அங்கேயே நின்றுவிடும். வருமானம் போகாது, எல்லோருக்கும் நியாயமான கூலி கிடைக்கும்.

ஏற்கெனவே நீங்கள் செய்து அனுப்பிய கார்கள் இருக்கும். அந்த நம்பர்கள் உங்கள் போனில் இருக்கும். இந்த வாரமே கூப்பிடுங்கள். டிக்கியில் நெகட்டிவை முதலில் கழற்றி, பாசிட்டிவ் கேபிளைப் பேட்டரியிலிருந்து ஒரு சாணில் வெட்டி, இரண்டு லக் அடித்து, மூடியுள்ள மெகா ஃபியூஸ் ஹோல்டரைப் போல்ட் போட்டு இறுக்கி, நெகட்டிவைக் கடைசியில் மாட்ட ஒரு மணி நேரம் போதும். அதே நேரத்தில் கார்பெட்டைத் தூக்கி, கேபிள் உரசிய இடம் ஏதாவது இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிடுங்கள். கூலி தர மறுக்கிறவர் இருந்தால் அவருக்கும் சும்மாவாவது போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
வண்டி ஒயரிங் சொல்லிக்கொடுக்கும் ஒரு பயிற்றுநர்